சொன்னவர் பெயரும் சேர்த்து

பெரம்பலூர், 4 ஜனவரி 2025, சனி

நானும் மாணவர்களும் தொகுத்த சொல்பட்டியல் ஒருவழியாக வெளியிடும் நிலைக்கு வந்துவிட்டது. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்ற மூன்று வெள்ளாமையைச் சுற்றி இந்தப் பக்கத்து ஆட்கள் புழங்கும் சொற்கள். பட்டறை, திருகல் நோய், படைப்புழு என்று ஒருவர் தட்டினால் கணினி சிவப்புக் கோடு போடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். லிப்ரேஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் எழுத்துப்பிழை பார்க்க ஹன்ஸ்பெல் என்ற நிரலை வைத்திருக்கின்றன. லாஸ்லோ நேமெத் என்பவர் ஹங்கேரிய மொழிக்காக எழுதியது, இன்று பல மொழிகளுக்கும் அதுவே. அது கேட்பது இரண்டு கோப்புகள். ஒன்றில் வரிக்கு ஒரு சொல். இன்னொன்றில் உருபும் விகுதியும் ஒட்டும் விதிகள். சொல்லைச் சொன்னவர் பெயருக்கு இரண்டிலும் இடம் இல்லை.

பங்களித்தவர்கள் பக்கத்தை எழுதுவது என் பொறுப்பு. மாலையில் எல்லோரும் போன பிறகு ஆய்வகத்தில் உட்கார்ந்து, எந்த வரியை யார் சேர்த்தார்கள் என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற நிரலிடம் கேட்டேன். அதற்கு பிளேம் என்று ஒரு கட்டளை உண்டு. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர் வந்தது. கடைசியாண்டு மாணவன் ஒருவனின் பெயர். டிசம்பரில் ஒரு நாள் அவன் கோப்பு முழுவதையும் அகரவரிசைப்படுத்தினான். வரிகள் எல்லாம் இடம் மாறின, இடம் மாறிய வரியெல்லாம் அவன் கணக்கில் ஏறிவிட்டது. வரிசைப்படுத்தச் சொன்னதே நாங்கள்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்காலம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் நோட்டும் கையுமாகச் செட்டிகுளம், நக்கசேலம், பாடாலூர் என்று பேருந்தில் அலைந்து சொல் சேர்த்த மூன்றாமாண்டு மாணவி அந்தக் கோப்பில் எங்குமே இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வரிசை மாற்றியது, இடைவெளி திருத்தியது போன்ற கமிட்டுகளின், அதாவது கிட்டில் பதிந்த மாற்றங்களின், எண்களைத் தனிக் கோப்பில் எழுதிவைத்தால் பிளேம் அவற்றைத் தாண்டி, அதற்கு முன் தொட்ட கையைக் காட்டும். 2019-இல் கிட்டில் சேர்ந்த வசதி. எழுதிவைத்துத் திரும்ப ஓட்டினேன், மாணவியின் பெயர் வந்தது. அவளுக்குச் சொன்னவர்களின் பெயர் எந்தக் கட்டளைக்கும் வராது. அவர்கள் விசைப்பலகையைத் தொட்டதே இல்லை.

செட்டிகுளம், 5 ஜனவரி, ஞாயிறு

"எங்க அப்பாயிய ஒருதரம் பாருங்க மேடம், பாதி நோட்டு அவங்க சொன்னதுதான்" என்று மாணவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று போனேன். வழியெல்லாம் வெங்காய அறுவடை. ரோட்டோரம் தாள் அரிந்து குவித்த காய், அதன்மேல் நிழலுக்குப் பழைய சேலை.

வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் சேமிக்கும் பட்டறை. தரையில் வரிசையாகக் கல் வைத்து, அதன்மேல் கழி பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே கீற்று போட்டிருக்கிறார்கள். அடியில் ஒரு கை நுழையும் இடைவெளி. அப்பாயி என் கையைப் பிடித்து அந்த இடைவெளியில் வைக்கச் சொன்னார். உள்ளே சில்லென்று காற்று ஓடுகிறது. "இது அடைபட்டுச்சுன்னா மேல இருக்கிற காயி அழுவிப் போயிரும். எலி மண்ணத் தள்ளியே அடைச்சிரும், தெனமும் குனிஞ்சு பாக்கணும்" என்றார். பட்டறையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். மாணவியின் நோட்டில் அதற்குப் படம் போட்டு அம்புக்குறி இழுத்து எழுதியிருக்கிறது. எங்கள் பட்டியலில் இந்தப் பகுதிதான் வேறெந்த அகராதியிலும் நான் பார்க்காதது.

பெயர் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார். "எம் பேரு எதுக்கு கண்ணு? நானா கண்டுபுடிச்சேன்? எங்காத்தா சொல்லும், நான் கேட்டுக்கிட்டேன். போடறதா இருந்தா அதும் பேரையும் போடு." அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறந்த ஊரையும் சொன்னார். மாணவிக்கே அது இன்றுதான் தெரியும். அவள் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

பெயர் கேட்டால் கூச்சப்படுவார், வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்துப் போனேன். அவருக்கு யாரிடமிருந்து எது வந்தது என்பதில் துளியும் மயக்கம் இல்லை. அறுபது எழுபது வருஷம் கழித்தும் வரிசை மாறாமல் சொல்கிறார்.

பெரம்பலூர், 7 ஜனவரி, செவ்வாய்

மதிய இடைவேளையில் மாணவி வந்தாள். முகம் சரியாக இல்லை. நம் பட்டியல் சம்பந்தப்பட்டது அல்ல, வேறொரு விஷயம்.

தமிழ்த் தேடலுக்கான ஒரு கட்டற்ற நிரலை எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்துகிறோம். பெயர் இங்கே வேண்டாம். அதில் 'கொத்து' என்று தேடினால் சில ஆவணங்களில் அகப்படும், சிலவற்றில் அகப்படாது. மாணவி அக்டோபரில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்கு மட்டும் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் திருத்தத்தை எழுதி, ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் சொற்களைச் சோதனைக்கு அடுக்கி, எல்லாவற்றையும் பேட்சாக அனுப்பினாள். பதில் வரவில்லை. நேற்று புதிய பதிப்பு வந்திருக்கிறது. பிழை தீர்ந்துவிட்டது. திருத்தம் வேறு இடத்தில், வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. கமிட்டில் பராமரிப்பாளர் பெயர் மட்டும். மாணவியின் சோதனைச் சொற்கள் அதே வரிசையில், அப்படியே இருக்கின்றன. அவள் ஊர்ப் பெயரைக்கூட ஒரு சோதனைச் சொல்லாக வைத்திருந்தாள். அதுவும் இருக்கிறது.

"அவங்க எழுதினது என்னுதவிட நல்லாத்தான் இருக்கு மேடம். அதனால கேக்கலாமான்னு தெரியல" என்றாள். இந்த ஒரு வாக்கியம் இரவுவரை என்னை விடவில்லை.

நன்றாக எழுதியவருக்கு எழுதியதற்கான பெயர் போகட்டும். பிழை இருப்பதைக் கண்டவர், காரணத்தைத் தோண்டி எடுத்தவர், சோதனை எழுதியவர் என்று அவள் செய்த மூன்று வேலைகள் அதனால் இல்லாமல் போய்விடுமா? பிழையை ஆறு வரியில் தீர்த்துவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று தெரிய இரண்டு வாரம் ஆகலாம். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இதற்கு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதியது கெர்னல் வேலைக்காகத்தான். பேட்சுகள் மின்னஞ்சலில் வரும், பராமரிப்பாளர் வாங்கிச் சேர்ப்பார். ஆகவே ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர் என்று தனித்தனி இடம் இருக்கிறது. அதற்குக் கீழே ரிப்போர்ட்டட்-பை, டெஸ்டட்-பை, ரிவ்யூட்-பை, சஜஸ்டட்-பை, கோ-டெவலப்ட்-பை என்று வரி வரியாகப் பெயர்கள் வரும். சைன்ட்-ஆஃப்-பை என்ற கையொப்ப வரி 2004-இல் வந்தது. முந்தைய வருஷம் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டு, லினக்ஸில் இருக்கும் வரிகள் யாருடையவை என்ற கேள்வியைக் கிளப்பியிருந்தது. வந்தவர் பேட்சில் பராமரிப்பாளர் சிறு மாற்றம் செய்தால், எழுதியவர் பெயரை அப்படியே விட்டு, தான் மாற்றியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாகப் போட்டுத் தன் கையொப்பத்தைக் கீழே வைக்கலாம். எனக்கு இந்த அடைப்புக்குறி வரி மிகவும் பிடிக்கும். இரண்டு பேர் கையும் தெளிவாகத் தெரிகிறது.

இவ்வளவு இருந்தும் அங்கேயும் பிசகுகிறது. 2023 செப்டம்பரில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கெர்னலின் பவர்பிசி பகுதியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தமும் எழுதி அனுப்பியிருக்கிறார், கெர்னலுக்கு அவருடைய முதல் பங்களிப்பு. பராமரிப்பாளர் தம் வழியில் திருத்தத்தை மாற்றி எழுதிச் சேர்த்துவிட்டு, இவருக்கு ரிப்போர்ட்டட்-பை என்ற வரி மட்டும் கொடுத்தார். பிழையைச் சொன்னவர் என்ற பெயர் கிடைத்தது, தீர்க்க உழைத்தவர் என்ற பெயர் கிடைக்கவில்லை. எங்கள் பெண்ணுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

8 ஜனவரி, புதன்

பராமரிப்பாளருக்கு அவளையே எழுதச் சொன்னேன். நான் எழுதினால் அது ஆசிரியரின் புகாராகிவிடும். குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம், தேதியும் பேட்சின் எண்ணும் சோதனைச் சொற்களும் போதும் என்றேன். நல்ல தமிழில், சுருக்கமாக எழுதினாள். நான் ஒரு கமாவைத் தவிர எதையும் மாற்றவில்லை.

அரியலூர், 12 ஜனவரி, ஞாயிறு

மாணவர்களோடு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. சிமெண்ட் ஆலைகள் தோண்டி எடுப்பது பழைய கடலின் அடித்தரையைத்தான். கிரிட்டேசியஸ் காலத்தில், டைனோசர்கள் இருந்தபோது, இந்தப் பகுதி கடலுக்குள் இருந்தது. சுருள் சுருளான அம்மோனைட்டுகளைப் பார்த்துப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெயர்களை யோசித்துக்கொண்டு நின்றேன்.

1840-களின் தொடக்கத்தில் சி. டி. கேய், ப்ரூக் கன்லிஃப் என்ற இரண்டு மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரிகள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். அவை லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி 1846-இல் அவற்றை விவரித்துப் பெயரிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் சேகரித்தவரை மறக்கவில்லை: ஓர் அம்மோனைட்டுக்கு அம்மோனைட்டிஸ் கேயி என்று கேயின் பெயரை வைத்தார், இன்னொன்றுக்குக் கன்லிஃப்பின் பெயரை. பின்னால் வந்தவர்கள் வகைப்பாட்டைத் திருத்தி, கேயி என்ற இனத்தை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். இன்று அது எழுதப்படுவது இப்படி: வெர்டெப்ரைட்டிஸ் கேயி (ஃபோர்ப்ஸ், 1846). அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் இருந்தால், முதலில் விவரித்தவர் இவர், ஆனால் பிறகு வேறு பேரினத்துக்கு மாறிவிட்டது என்று பொருள். திருத்தியவர் நன்றாகவே திருத்தியிருந்தாலும் முதல் ஆளின் பெயரும் ஆண்டும் கூடவே போகும். விலங்கியல் பெயர்களுக்கான உலக விதி இது. கெர்னல்காரர்களின் சதுர அடைப்புக்குறிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே நேர்மையிலிருந்து வந்தவை.

எச். எஃப். ப்ளான்ஃபோர்ட் 1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறை அடுக்குகளைப் பிரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக எழுதினார். சாத்தனூர் கல்மரத்தை 1940-இல் உலகுக்குச் சொன்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன். பதினெட்டு மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான்.

ஆனால் காரையிலும் கொளக்காநத்தத்திலும் ஆடு மேய்த்துக்கொண்டே "இங்க சங்குக் கல்லு கெடக்கு துரை" என்று கை நீட்டிக் காட்டியவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். வெளியூர்க்காரர் ஒருவர் இந்த ஓடைகளுக்குள் அந்தக் கை இல்லாமல் போயிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கையின் பெயரை வைக்க இனப்பெயர் விதியில் இடம் இல்லை. 180 வருஷம் கழித்து இன்றும் தேடிப் பிடிக்க வழி இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில், கோப்பை வரிசைப்படுத்திய மாணவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "மேடம், அப்ப ரிப்போர்ட்டட்-பை போடறதுக்கு அந்தக் காலத்துல யாருமே இல்லயா?" என்று கேட்டான். காலையிலிருந்து பேசியதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

14 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

மதுரைத் திட்டம் தொடங்கியது 1998 பொங்கலன்று. சுவிட்சர்லாந்தில் லோசானில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், காசு ஒன்றும் இல்லை. டிஸ்கி எழுத்துருக் குறியீட்டில் வந்தன, பிறகு யூனிகோடில். நான் கல்லூரியில் படித்தபோது சங்க இலக்கியத்தைக் கணினியில் முதலில் பார்த்தது அங்கேதான்.

அதன் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு நன்றிப் பகுதி இருக்கும். உள்ளிட்டவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர், வலைக்கு ஏற்பாடு செய்தவர் பெயர் தனித்தனியாக. சில நூல்களுக்கு மூலப் பிரதியைப் படமெடுத்துக் கொடுத்தவர் பெயரும். கூடவே ஒரு வேண்டுகோள்: தாராளமாக எங்கும் பகிருங்கள், இந்த முகப்புப் பகுதியை மட்டும் நீக்காதீர்கள். கட்டற்ற உரிமங்கள் வக்கீல் மொழியில் சொல்வதை அவர்கள் வேண்டுகோளாகவே வைத்துவிட்டார்கள். அந்த முகப்பை வெட்டி எறிந்துவிட்டு நூலை மட்டும் எடுத்துப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மெய்ப்புப் பார்ப்பது கண்ணை வாங்கும் வேலை. பத்து வரியை நீக்குவதால் யாருக்கு என்ன மிச்சமாகிறது?

நம் பட்டியலுக்கும் அப்படித் தனித்தனி வரிகள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சொன்னவர், சேர்த்தவர், சரிபார்த்தவர், விதி எழுதியவர், சோதித்தவர்.

16 ஜனவரி, வியாழன், உழவர் திருநாள்

விடுமுறையில் 'என் சரித்திர'த்தைத் திரும்ப எடுத்தேன். உ.வே. சாமிநாதையர் கடைசிக் காலத்தில், 1940 முதல் 1942 வரை, ஆனந்த விகடனில் எழுதியது. ஊர்ப் பெயர்களுக்காகவே நான் அடிக்கடி திறக்கும் பகுதி முதல் பாகத்தில் இருக்கிறது. உத்தமதானபுரத்துப் பையன், அப்பா சங்கீதமும் கதாகாலட்சேபமும் செய்து பிழைக்கிறவர், குடும்பம் அரியலூர், குன்னம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. போகிற ஊரிலெல்லாம் பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஒருவரைத் தேடுகிறார்கள். அரியலூரில் சடகோப ஐயங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. செங்கணத்தில், இன்று நாங்கள் செங்குணம் என்கிற ஊர், விருத்தாசல ரெட்டியார். அவரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் என்று சொல்லிக்கொள்வதே போதும். பாதி உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் எண்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து, எழுபது வருஷத்துக்கு முன் இந்தச் சின்ன ஊர்களில் தனக்கு ஓர் எழுத்து சொன்னவர்களை ஊரும் பேருமாக, யார் எதைச் சொல்லிக்கொடுத்தார் என்பதுவரை எழுதிவைத்தார். அவர் எழுதவில்லை என்றால் விருத்தாசல ரெட்டியாரை இன்று செங்குணத்துக்கு வெளியே யாருக்குத் தெரியும்?

பதிப்புகளிலும் அப்படியே. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, புறநானூறு 1894. ஏட்டுப் பிரதி எங்கிருந்து வந்தது, கொடுத்தவர் யார், உதவியவர் யார் என்று முகவுரையில் எழுதுவது அவர் பழக்கம். ஏட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவருக்கு அதைப் படிக்கத் தெரியாமல்கூட இருந்திருக்கலாம். இருந்தாலும் பெயர் உண்டு. செட்டிகுளத்து அப்பாயி கேட்டதும் இதைத்தான்.

18 ஜனவரி, சனி

ஆய்வகத்தில் எல்லோரும் கூடினோம். பெயர்ப் பக்கத்தின் வரைவைத் திரையில் போட்டேன். வாக்குவாதம் நல்ல சூடாக இருந்தது, எனக்குச் சந்தோஷம்.

கடைசியாண்டு மாணவன்தான் முதலில் பேசினான். "இன்டர்வியூல கிட்ஹப் லிங்க்தான் மேடம் கேக்கறாங்க. எத்தனை கமிட்னு பாக்கறாங்க. இந்தப் பக்கத்தை யாரு படிப்பாங்க?" நியாயமான கேள்வி. இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குச் சென்னையில் வேலை வாங்கித்தர கிட்ஹப்பில் கமிட்டுகளைக் காட்டும் அந்தப் பச்சைக் கட்டங்கள் உதவும் என்றால் அதை நான் அலட்சியமாகப் பேச முடியாது. அதனால் அவனுடைய கணக்கையே எடுத்துப் பார்த்தோம். சொற்கோப்பில் அவன் பெயர் நிறைந்திருக்கிறது, அவன் அங்கே சேர்த்த சொல் கொஞ்சம்தான். அவன் உண்மையில் உழைத்தது விதிக்கோப்பில். பட்டறையில், பட்டறைக்கு, பட்டறையிலிருந்து என்று உருபு ஏறும்போது உடம்படுமெய் எங்கே வரும், வல்லினம் எங்கே மிகும் என்று ஒவ்வொன்றாக வகுத்து, தப்பு வரும் இடங்களை இரவிரவாகத் திருத்தினான். தமிழில் எழுத்துப்பிழை திருத்தி செய்பவர்கள் தடுக்கி விழும் இடமே அதுதான். கமிட் எண்ணிக்கையில் அது பத்துப் பன்னிரண்டு என்று நிற்கிறது. செய்யாத வேலைக்குப் பெயர் குவிந்ததில் அவன் செய்த பெரிய வேலை மறைந்துவிட்டது. அதைத் திரையில் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு "விதிகள் எழுதியவர்னு தனியா போட்டுருங்க மேடம்" என்றான்.

இன்னொருத்தி, எல்லாப் பெயரையும் நிறுவும்போது முதல் திரையிலேயே காட்டிவிடலாமே என்றாள். அதற்கு பிஎஸ்டி உரிமத்தின் கதையைச் சொன்னேன். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தன் மென்பொருளைக் கொடுத்தபோது, இதைப் பயன்படுத்தும் பொருளின் விளம்பரத்தில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்த உரிமத்தை நகலெடுத்த ஒவ்வொருவரும் தத்தம் பெயரைப் போட்டார்கள். 1997-இல் நெட்பிஎஸ்டியின் ஒரு பதிப்பில் அப்படி 75 வாக்கியங்கள் சேர்ந்திருந்ததை ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். 1999 ஜூலை 22-இல் பல்கலைக்கழகமே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. மூலநிரலோடு போகும் உரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது என்பது நின்றது. விளம்பரத்தில் திணித்த பெயரால் மற்றவர்களுக்குத் தொல்லை. நிரலோடு ஒட்டிப் போகும் பெயர் யாருக்கும் பாரம் இல்லை.

ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் நடத்தும் கர்ல் பற்றியும் பேச்சு வந்தது. கார், தொலைக்காட்சி, தொலைபேசி என்று எங்கும் உள்ளே இருக்கும் நிரல். அதன் நன்றிக் கோப்பில் 3000-க்கும் மேல் பெயர்கள். நிரல் எழுதியவர் மட்டும் இல்லை, பிழை சொன்னவரும் அதில் உண்டு. ஒவ்வொரு பதிப்பின் குறிப்பிலும், அந்தப் பதிப்புக்கு உதவியவர்கள் பெயர் வரும். அவ்வளவு பெரிய திட்டத்தில் முடிகிறது என்றால் ஓர் ஆய்வகத்துக்கு முடியாதா என்று கேட்டது நான் இல்லை, மாணவி.

20 ஜனவரி, திங்கள்

பராமரிப்பாளரிடமிருந்து பதில். நீளமாக, மரியாதையாக எழுதியிருக்கிறார். பேட்ச் வந்ததைப் பார்த்ததாகவும், குடும்பத்தில் ஒரு உடல்நலக் கஷ்டம் வந்து விட்டுப்போனதாகவும், பிறகு அவசரமாகத் திரும்ப எழுதியபோது சோதனைச் சொற்களை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டதாகவும் சொல்கிறார். அவரும் ஒற்றை ஆளாக, சம்பளம் இல்லாமல், இரவில் உட்கார்ந்து செய்கிறவர்தான். இந்த நிரல்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓடுகின்றன.

பழைய கமிட்டில் பெயரை மாற்ற முடியாது. ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கம், ஆசிரியர் பெயர், அதற்கு முந்தைய கமிட்டின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. ஒன்றில் பெயரை மாற்றினால் அதற்குப் பின் வந்த அத்தனை எண்களும் மாறும், நகலெடுத்து வைத்திருக்கும் எல்லோருடைய வரலாறும் முறியும். ஆகவே பங்களித்தவர்கள் கோப்பில் அவள் பெயரைச் சேர்த்து, என்ன செய்தாள் என்பதை மூன்று வரியில் எழுதி, அடுத்த பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் போட்டுவிட்டார். சோதனைக் கோப்பின் தலையிலும் பெயர் ஏறியிருக்கிறது.

மாணவி படித்துவிட்டு, "கண்டுபிடித்து, காரணம் காட்டி, சோதனை எழுதியவர்" என்ற வரியை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தாள். பிறகு ஔகாரத்தில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் அவருக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன். இந்த முறை கமிட் செய்தியில் கோ-ஆத்தர்ட்-பை வரியை அவளே எழுதி அனுப்பட்டும்.

25 ஜனவரி, சனி

சொன்னவர்களிடம் சம்மதம் கேட்கும் வேலை இந்த வாரம் முழுக்க நடந்தது. தனிப்பட்ட முறையில் வந்த பிழைத் தகவலுக்குப் பெயர் போடுமுன் அனுமதி கேள் என்று கெர்னல் வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஒருமுறை போட்ட பெயர் என்றைக்கும் வெளியே இருக்கும். ஆலத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், "பேங்க்காரன் தேடிவந்தா என்ன பண்றது, வேணாம்மா" என்றார். ஊரை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார், அப்படியே போட்டாயிற்று. பருத்திச் சொற்கள் தந்த ஒரு அக்கா, கணவர் பெயர் வேண்டாம், தன் பெயர் மட்டும் வரட்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அப்பாயியின் பெயரும், அதற்கு மேலே அவருடைய ஆத்தாவின் பெயரும் ஏறியிருக்கின்றன.

உரிமம் எம்ஐடி. யார் வேண்டுமானாலும் எடுத்து எதிலும் சேர்க்கலாம், உரிமைக் குறிப்பை மட்டும் எல்லாப் பிரதியிலும் வைக்க வேண்டும். பெயர்ப் பக்கத்தை அந்தக் குறிப்பு இருக்கும் கோப்பிலேயே சேர்த்துவிட்டோம், தனியாக விட்டால் கழன்றுவிடும். இனி ஒரு சொல் எந்தக் கமிட்டில் வருகிறதோ அதே கமிட்டில் சொன்னவர் பெயரும் வர வேண்டும், இல்லாவிட்டால் சேர்ப்பதில்லை என்று பங்களிப்பு விதியில் எழுதினோம். எழுதியது கடைசியாண்டு மாணவன்.

பாடாலூரில் சந்தையில் பேசிய இரண்டு பேரை இன்னும் பிடிக்க முடியவில்லை. அவர்கள் தந்த மக்காச்சோளச் சொற்களை இந்தப் பதிப்பிலிருந்து எடுத்துத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மாணவி போய்ப் பார்க்கிறாள், நானும் கூடப் போகிறேன்.